பேஸ்மென்ட்டில் மிளகாயும் கறிவேப்பிலையும்: விளக்கை எங்கே தொங்கவிடுவது, செடியை எப்படிப் படர்த்துவது

டொராண்டோ பக்கம் செப்டம்பர் கடைசியில் நம்மவர்கள் வீடுகளில் ஒரு குடிபெயர்வு நடக்கும். கோடை முழுக்கப் பின்கட்டில் வெயில் காய்ந்த கறிவேப்பிலைத் தொட்டி, ரெண்டு மிளகாய்ச் செடி, ஊரிலிருந்து விதை கொண்டுவந்து முளைக்கவைத்த கத்தரி எல்லாம் வீட்டுக்குள் வரும். மார்ச் வருவதற்குள் பல வீடுகளில் குச்சிதான் மிஞ்சும். "குளிர் தாங்கவில்லை" என்று சொல்லிக்கொள்வோம். ஆனால் வீட்டுக்குள் ஹீட்டர் ஓடுகிறது, 20, 21 டிகிரி இருக்கிறது. செடி பெரும்பாலும் வாடுவது வெளிச்சப் பசியில்தான்.

டிசம்பர் 21 அன்று டொராண்டோவில் பகல் 9 மணி நேரம்கூட முழுதாக இருப்பதில்லை. அதே நாளில் சென்னையில் 11 மணி நேரத்துக்கு மேல். இங்கே சூரியன் தாழ்வாகவே ஊர்ந்து போகும், பாதி நாள் மேகமூட்டம் வேறு. தெற்கு ஜன்னல் இருந்தால்கூட அது செடியை உயிரோடு வைக்குமே தவிர வளர்க்காது. அதனால்தான் வளர்ப்பு விளக்கு.

விளக்கு வாங்கியதும் வேலை முடிந்தது என்று நினைத்துத்தான் முதல் குளிர்காலத்தில் என் நாற்றுகளைக் கெடுத்தேன். கூரையில் கொக்கி இருந்த இடத்தில் விளக்கை மாட்டினேன். நாற்றுகள் நூல் மாதிரி நெட்டையாக வளர்ந்து, தம் பாரம் தாங்காமல் சாய்ந்துவிட்டன. விளக்கில் குறை எதுவும் இல்லை. விளக்குக்கும் இலைக்கும் நடுவே இருந்த இடைவெளிதான் குறை.

சூரியன் சுமார் 15 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அதனால் தோட்டத்தில் இரண்டடிச் செடியின் உச்சிக்கும் அடிக்கும் சூரியனிடமிருந்து உள்ள தூரம் ஒன்றுதான்; நிழல் விழாத எந்த இலைக்கும் ஒரே வெயில். விளக்கோ ஓரடி உயரத்தில் தொங்குகிறது. அங்கே அரை அடி ஏறினாலும் இறங்கினாலும் செடிக்கு வேறு உலகம். உச்சி இலை கருக, கீழ் இலை பட்டினி கிடக்கும். அதனால் வீட்டுக்குள் வளர்ப்பவருக்கு வேலை இரண்டு: விளக்கைச் சரியான உயரத்தில் வைப்பது, செடிகளின் உச்சிகளை எல்லாம் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவது. உச்சி இலைகள் சேர்ந்து அமைக்கும் அந்தப் பரப்பை இங்கே இலைமட்டம் என்று சொல்கிறேன்.

முதலில் இடம், அப்புறம் விளக்கு

எத்தனை செடி என்று எண்ணாதீர்கள். இலைமட்டம் எத்தனை சதுர அடி என்று அளந்துகொள்ளுங்கள். மூன்று மிளகாய், ஒரு கறிவேப்பிலைக்கு 60 செ.மீ. அகலம், 120 செ.மீ. நீளம் இருந்தால் தாராளம். சுவர் ஓரமாக இருப்பது நல்லது. வெள்ளைப் பெயின்ட் அடித்த சுவர் சிதறிப் போகும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். மற்ற பக்கங்களில் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பலகையை நிறுத்தினாலே மூலைச் செடிகளுக்கு வித்தியாசம் தெரியும்.

விளக்குப் பெட்டியில் கொட்டை எழுத்தில் "1000 வாட்" என்று போட்டிருந்தால் நம்பாதீர்கள். அது "இதற்குச் சமம்" என்ற விளம்பரக் கணக்கு. பின்பக்கம் சிறிய எழுத்தில் உண்மையாக எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்று இருக்கும், அதைப் பாருங்கள். இன்றைய தரமான எல்இடி பலகை ஒவ்வொரு வாட்டுக்கும் விநாடிக்குச் சுமார் 2.5 மைக்ரோமோல் ஒளி தரும் (செடிக்குப் பயன்படும் ஒளித்துகள்களை எண்ணும் அலகு அது). உண்மையான 100 வாட் என்றால் 250. சுவரிலும் தரையிலும் ஐந்தில் ஒரு பங்கு வீணாகிறது என்று வைத்தால் 200 மிச்சம். இதை 60-க்கு 60 செ.மீ. பரப்பில் விரித்தால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 550 மைக்ரோமோல் வரும், மிளகாய் காய்க்கத் தாராளமான அளவு. அதே விளக்கை 60-க்கு 120-ல் விரித்தால் 280 தான். அதற்கு நாற்று வளரும், கறிவேப்பிலை துளிர்க்கும். மிளகாய் காய்க்க இன்னும் வேண்டும். ஆகவே மேலே சொன்ன இடத்துக்கு உண்மையான 150 முதல் 200 வாட் வரை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பெரிய விளக்கைவிடச் சின்னதாக இரண்டு வாங்குவதே என் விருப்பம். ஒளி சீராகப் பரவும், ஒன்று பழுதானாலும் செடி தப்பிக்கும்.

நிறத்தைப் பொறுத்தவரை, ஊதா வெளிச்சம் அடிக்கும் பழைய மாதிரி சிவப்பு-நீல விளக்குகள் வேண்டாம். செடிக்குக் கெடுதல் என்பதால் இல்லை. அந்த வெளிச்சத்தில் இலை மஞ்சளாகிறதா, பேன் ஏறியிருக்கிறதா என்று நம் கண்ணுக்குத் தெரியாது. வெள்ளை எல்இடி, 3500 முதல் 5000 கெல்வினுக்குள் (வெள்ளையின் சாயலைச் சொல்லும் எண், பெட்டியில் இருக்கும்) எதுவும் சரி.

கடைகளில் கிடைக்கும் கூடாரங்களும் விளக்கு அட்டவணைகளும் பெரும்பாலும் கஞ்சா வளர்ப்பவர்களை மனதில் வைத்து வந்தவை. 2018 அக்டோபரில் கனடாவில் அது சட்டபூர்வமானதிலிருந்து எங்கும் பார்க்கலாம். சாமான்கள் நமக்கும் உதவும், அட்டவணை உதவாது. "பூக்க வேண்டுமானால் 12 மணி நேரத்துக்குக் குறை" என்பது பகல் நீளம் பார்த்துப் பூக்கும் செடிக்குச் சொன்னது. மிளகாயும் தக்காளியும் பகல் நீளம் பார்ப்பதில்லை. வயது வந்தால் பூக்கும். குறைத்தால் விளைச்சல்தான் குறையும்.

மாட்டும் முறை

விளக்கை நிலையாக அடித்து மாட்டாதீர்கள். செடி வளர வளர விளக்கு ஏற வேண்டும். இழுத்தால் ஏறும், விரலால் தட்டினால் இறங்கும் ராட்செட் கயிறு ஒரு ஜோடி மலிவாகக் கிடைக்கிறது. கொக்கியை வெறும் டிரைவாலில் திருகாமல், பின்னால் மரச்சட்டம் இருக்கும் இடம் பார்த்துத் திருகுங்கள். மாட்டியபின் நான்கு மூலையிலிருந்தும் தரைக்கு அளவு எடுத்து மட்டம் சரிபாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் செடிகளும் அந்தப் பக்கமே சாயும், காரணம் தெரியாமல் தலையைச் சொறிவோம்.

மின்கம்பி சாக்கெட்டுக்குப் போகும் முன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும். தண்ணீர் வழிந்தால் அந்த வளைவிலிருந்து தரையில் சொட்டும், சாக்கெட்டுக்குள் இறங்காது. எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் தரையில் போடாமல் சுவரில் உயரமாக மாட்டுங்கள். விளக்கில் சிஎஸ்ஏ, யுஎல், இடிஎல் போன்ற பாதுகாப்பு முத்திரை ஒன்றாவது இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒரு நாளில் 14 மணி நேரம், ஆள் இல்லாத நேரத்திலும் எரியப்போகும் பொருள் இது.

எவ்வளவு தூரம்?

உயரம் என்றால் எப்போதும் உச்சி இலையிலிருந்து விளக்கு வரை. தொட்டியிலிருந்து அளக்கக் கூடாது.

பழைய ஃப்ளோரசன்ட் குழல் விளக்கு என்றால் 5 முதல் 8 செ.மீ. நாலடி நீள எல்இடி ஷாப் லைட் என்றால் 10 முதல் 15 செ.மீ. பக்கத்தில் இருப்பதுபோலத் தெரியும், ஆனால் அவை வலுக்குறைந்தவை. நாற்றுகளுக்கு அப்படித்தான் வேண்டும். 100 வாட் எல்இடி பலகைக்கு நான் வைத்துக்கொள்ளும் தொடக்கக் கணக்கு: முளைவிட்ட நாற்றுக்கு 60 செ.மீ., பிரகாசம் பாதி. ஆறேழு இலை வந்த செடிக்கு 45 செ.மீ., முக்கால் பிரகாசம். பூத்துக் காய்க்கும் மிளகாய்க்கு 30 முதல் 35 செ.மீ., முழுப் பிரகாசம். இவை தொடக்கம் மட்டுமே. உங்கள் விளக்கு வேறு, சுவர் வேறு. அளந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அளக்கத் தனிக் கருவி கட்டாயம் இல்லை. கைபேசியில் லக்ஸ் (நம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தின் அளவு) காட்டும் செயலி போதும். உணரி பெரும்பாலும் திரைப்பக்கத்தில் மேலே இருக்கும், அது விளக்கைப் பார்க்கும்படி இலைமட்டத்தில் கைபேசியைப் படுக்கவைத்துப் படியுங்கள். வெள்ளை எல்இடி என்றால் வரும் லக்ஸை 67-ஆல் வகுங்கள், சதுர மீட்டருக்கு ஏறக்குறைய எத்தனை மைக்ரோமோல் என்பது கிடைக்கும். 20,000 லக்ஸ் என்றால் சுமார் 300. 30,000 என்றால் 450. கைபேசிக்குக் கைபேசி கொஞ்சம் வித்தியாசப்படும், பரவாயில்லை. இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் உள்ள வேறுபாடு துல்லியமாகவே தெரியும், நமக்கு முக்கியம் அதுதான்.

ஒரே இடத்தில் அளந்து நிறுத்தாதீர்கள். இலைமட்டத்தை மூன்றுக்கு மூன்று, ஒன்பது கட்டங்களாக மனதில் பிரித்து ஒன்பது இடத்திலும் படித்து ஒரு தாளில் எழுதுங்கள். நடுவில் 500, மூலையில் 200 என்று வந்தால் விளக்கு ரொம்பத் தாழ்வு. பத்துப் பதினைந்து செ.மீ. ஏற்றினால் நடுவில் குறையும், மூலை கொஞ்சம் ஏறும் அல்லது அப்படியே நிற்கும். இப்படி ஏற்றி இறக்கி, மூலை நடுவில் பாதிக்குமேல் வரும் இடத்தில் நிறுத்துங்கள். மிச்ச வித்தியாசத்தைச் செடிகளை வைக்கும் விதத்தில் சரிசெய்யலாம். வெளிச்சத்துக்கு அலையும் மிளகாய் நடுவில், குறைவில் சமாளிக்கும் கொத்தமல்லியும் புதினாவும் மூலையில்.

எத்தனை மணி நேரம்?

வெளிச்சத்தை உணவு மாதிரி நினைத்தால் எளிது. ஒரு நாளில் மொத்தம் எவ்வளவு சாப்பிட்டது என்பதுதான் கணக்கு. மைக்ரோமோலை மணி நேரத்தால் பெருக்கி 0.0036-ஆல் மறுபடி பெருக்குங்கள். அது அன்றைய மொத்த ஒளி, மோல் கணக்கில். 400 மைக்ரோமோல் 14 மணி நேரம் எரிந்தால் 20 மோல். நாற்றுக்கு 10 முதல் 12, கீரை வகைகளுக்கு 12 முதல் 17, காய்க்கும் மிளகாய்க்கு 20-க்குமேல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விளக்கு வலுக்குறைவு என்றால் நேரத்தைக் கூட்டலாம், 16 மணி நேரம் வரை. அதற்குமேல் வேண்டாம். இரவே இல்லாமல் 24 மணி நேரமும் வெளிச்சம் கொடுத்தால் தக்காளி இலை வெளுத்துப் புள்ளி விழும். கத்தரிக்கும் அது ஆகாது.

டைமரை எந்த நேரத்தில் வைப்பது என்பதில் கொஞ்சம் காசு மிச்சம் பிடிக்கலாம். 100 வாட் 14 மணி நேரம் எரிந்தால் நாளுக்கு 1.4 யூனிட், மாதம் 42 யூனிட். ஒன்டாரியோவில் நேரத்துக்கு ஏற்ற கட்டணத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு வார நாட்களில் இரவு 7 முதல் காலை 7 வரை மலிவு. பேஸ்மென்ட்டில் இருக்கும் செடிக்கு நம் இரவுதான் பகல் என்று ஆக்கிவிட்டால் என்ன நஷ்டம்? என் விளக்கு இரவு 7-க்கு ஏறி காலை 9-க்கு அணைகிறது. குளிர்ந்த இரவில் விளக்கின் சூடும் செடிக்குத் துணை.

இலைமட்டத்தைச் சமப்படுத்துதல்

இந்த வேலைக்குத்தான் கையும் பொறுமையும் அதிகம் வேண்டும். செடியின் உச்சிக் குருத்தில் ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கி சுரந்து கீழே இறங்கும். அது பக்கக் குருத்துகளை அடக்கி வைக்கும், அதனால் செடி ஒற்றையாக மேலே போகும். காட்டில் மற்ற செடிகளோடு போட்டி போட அது நல்லது. விளக்கின் கீழ் நமக்கு வேண்டியது அகலம். நம் ஊரில் துவரைக்கும் பருத்திக்கும் நுனி கிள்ளுவார்களே, அதே வேலைதான் இங்கேயும்.

மிளகாய் நாற்றில் (முளைக்கும்போது வரும் இரண்டு விதையிலைகளை விட்டுவிட்டு) ஆறு முதல் எட்டு உண்மையிலைகள் வந்ததும் உச்சியை ஒரு கணுவுக்கு மேலே நகத்தால் கிள்ளிவிடுங்கள். ஓரிரு வாரத்தில் கீழ்க் கணுக்களிலிருந்து நான்கைந்து பக்கக் கிளைகள் கிளம்பும். முதல் காய் கொஞ்சம் தாமதமாகும், ஆனால் கிளை கூடினால் பூவும் கூடும். மிளகாய் தானாகவே முதல் பூ வரும் இடத்தில் கவட்டையாகப் பிரியும் செடி. அதன்பின் ஒவ்வொரு கணுவிலும் பிரிந்துகொண்டே போகும். ஏற்கெனவே கவட்டை விட்ட செடியை மறுபடி கிள்ள வேண்டாம், கட்டி இழுத்தால் போதும். செடி சின்னதாக இருக்கும்போது வரும் முதல் பூக்களைக் கிள்ளி எறிவது மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். எறியுங்கள். இல்லையென்றால் ஒரு காயைச் சுமந்துகொண்டு செடி வளர்ச்சியை நிறுத்திவிடும்.

பக்கக் கிளைகள் ஒரு சாண் வளர்ந்ததும் கட்டலாம். பழைய பருத்தி வேட்டியை விரல் அகலத்துக்குக் கிழித்துக்கொள்ளுங்கள். நூலும் கம்பியும் தண்டை அறுக்கும், துணி அறுக்காது. தொட்டி விளிம்பில் சுற்றிலும் ஆறு ஓட்டை போட்டு, ஒவ்வொரு கிளையையும் ஒவ்வொரு திசையில் வெளியே, கீழே இழுத்துக் கட்டுங்கள். குடையைக் கவிழ்த்து விரித்ததுபோல நடு திறந்திருக்க வேண்டும். ஒரே நாளில் முழுக்க வளைக்காதீர்கள். மிளகாயின் கவட்டை எளிதில் கிழியும். தண்ணீர் ஊற்றுவதற்கு முன், செடி கொஞ்சம் தளர்ந்திருக்கும்போது இன்று கொஞ்சம், நாலு நாள் கழித்துக் கொஞ்சம் என்று வளையுங்கள். கிழிந்துவிட்டாலும் வெட்டி எறிய வேண்டாம். சேர்த்துப் பிடித்து டேப் சுற்றினால் பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளும்.

கட்டிய மறுநாள் பாருங்கள், படுத்திருந்த கிளையின் நுனி எல்லாம் விளக்கை நோக்கித் தலை தூக்கியிருக்கும். அதுவரை நிழலில் தூங்கிய கணுக் குருத்துகளும் விழித்துக்கொள்ளும். ஒவ்வொரு வருடமும் எனக்கு இதைப் பார்க்கப் புதிதாகவே இருக்கிறது.

நாலைந்து செடி சேர்ந்து நின்றால் வலை கட்டுவது சுலபம். பாகல், அவரைக்குக் கட்டும் பெரிய கண்ணி வலையைத் தொட்டி விளிம்புக்கு மேல் 25 செ.மீ. உயரத்தில் விறைப்பாகக் கட்டி, வலையைத் தாண்டும் நுனிகளைப் பக்கத்துக் கண்ணிக்குள் நுழைத்துக்கொண்டே வாருங்கள். ஒரு குறை, வலை கட்டியபின் தொட்டியை நகர்த்த முடியாது. மே மாதம் வெளியே கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் துணிக்கட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உயரமும் குட்டையும் கலந்திருந்தால் குட்டைத் தொட்டிக்குக் கீழே செங்கல் வையுங்கள். எளிய வேலை, ஆனால் விளக்கை ஏற்றி இறக்குவதைவிட இதில்தான் பலன் அதிகம். வாரம் ஒருமுறை தொட்டியைக் கால் சுற்று திருப்பி வையுங்கள்.

கறிவேப்பிலைக்கு வேறு கணக்கு. நாம் பறிக்கும் விதமே அதைக் கெடுக்கிறது. தாளிப்புக்கு அவசரமாகக் கைக்கு எட்டும் கீழ் ஈர்க்கை உருவிக்கொண்டு வருவோம். சில மாதத்தில் அடி மொட்டையாகி, உச்சியில் மட்டும் நாலு ஈர்க்கு தாங்கிய தென்னை மாதிரி நிற்கும். அந்த உச்சிதான் விளக்கில் முட்டும். ஆகவே மேலிருந்து பறியுங்கள். நுனியோடு மூன்று நான்கு ஈர்க்கு சேர்த்து, ஒரு ஈர்க்குக்குச் சற்று மேலே கத்தரியால் வெட்டுங்கள். குழம்புக்கு இலையும் ஆயிற்று, நுனி கிள்ளியதும் ஆயிற்று. வெட்டிய இடத்துக்குக் கீழே இரண்டு மூன்று துளிர் வரும். பூங்கொத்து வந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், இலைக்குத்தானே வளர்க்கிறோம். ஏற்கெனவே மொட்டையான செடியை நடுக்குளிரில் கவாத்து செய்ய வேண்டாம். பிப்ரவரி கடைசியில், புதுத் துளிர் அசையத் தொடங்கும்போது இடுப்பளவுக்கு வெட்டுங்கள்.

எந்த இலையை எடுப்பது?

கொஞ்சமாக. மண்ணைத் தொடும் இலை, பழுத்த இலை, உள்ளே நிழலில் மெலிந்த குச்சி ஆகியவற்றை எடுக்கலாம். ஒரு பூவுக்கு நிழல் விழுகிறது என்று நல்ல பச்சை இலையைப் பிய்க்காதீர்கள். அந்தப் பூவைக் காயாக்குவதே அந்த இலைதான். நிழல் விழுந்தால் இலையை ஓரமாக ஒதுக்கி இன்னொரு கிளைக்குப் பின்னால் செருகிவிடுங்கள்.

இலை சொல்வதைக் கேட்பது

கணுவுக்கும் கணுவுக்கும் இடைவெளி நீண்டால் வெளிச்சம் போதவில்லை. விளக்கை 5 செ.மீ. இறக்கி ஒரு வாரம் பாருங்கள். விளக்குக்கு நேர் கீழே உள்ள உச்சி இலைகள் மட்டும் வெளுத்தால், அல்லது இரு ஓரமும் மேலே மடிந்து படகு மாதிரி ஆனால் வெளிச்சம் அதிகம், ஏற்றுங்கள். கீழ் இலைகள் மஞ்சளாவது பெரும்பாலும் தண்ணீர் தேங்கியதாலோ உரம் போதாததாலோ. கறிவேப்பிலையில் நரம்பு பச்சையாகவும் நடு மஞ்சளாகவும் புதிய இலை வந்தால் அது இரும்புச்சத்துக் குறை, விளக்கை எவ்வளவு நகர்த்தினாலும் தீராது. ஊரில் புளித்த மோர் ஊற்றுவோம். மூடிய பேஸ்மென்ட்டில் அந்த வாடை தாங்காது, கடையில் கிடைக்கும் இரும்பு கீலேட் (செடி எளிதில் உறிஞ்சும் வடிவில் இரும்பு உரம்) போதும்.

மிளகாயில் இலை சுருண்டால் உடனே விளக்கின்மேல் பழி போடாமல் இலையைத் திருப்பிப் பாருங்கள். ஹீட்டர் ஓடும் வீட்டின் வறண்ட காற்று சிலந்திப்பேனுக்குக் கொண்டாட்டம். அசுவினியும் வரும். இலையின் அடியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, பூச்சிக்கென்று விற்கும் சோப்புக் கரைசலை விளக்கு அணைந்திருக்கும்போது தெளியுங்கள். இலைமட்டம் நெருக்கமானால் காற்று உள்ளே போகாது, அதனால் ஒரு சின்ன மின்விசிறி இலை லேசாக ஆடும் அளவுக்கு ஓடட்டும். தண்டும் உறுதிப்படும், மிளகாய்ப் பூவில் மகரந்தமும் உதிரும். காலையில் ஒருமுறை பூத்த கிளையை விரலால் சுண்டிவிட்டால் வண்டு செய்யும் வேலை முடிந்தது. அப்படியும் பூ உதிர்ந்தால் தரைச் சூட்டைப் பாருங்கள். பேஸ்மென்ட் தரை நாம் நினைப்பதைவிடக் குளிர்ந்திருக்கும், தொட்டியைப் பலகைமேல் ஏற்றுங்கள்.

மே மாதம் வெளியே

விக்டோரியா தின விடுமுறை சமயத்தில் இங்கே செடிகளை வெளியே வைப்பது வழக்கம். இரவில் 10 டிகிரிக்குக் கீழே போகாத நாளாகப் பாருங்கள். விளக்கின் கீழ் 400, 500 மைக்ரோமோலில் வளர்ந்த இலைக்கு நண்பகல் வெயில் 2000 வரை வரும். நேராகக் கொண்டுபோய் வைத்தால் ஒரே மதியத்தில் இலை வெள்ளைக் காகிதமாகும். முதல் நாள் மர நிழலில் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு, அப்புறம் காலை வெயில் கொஞ்சம் என்று பத்து நாள் பழக்குங்கள். கட்டிய துணிகளை அவிழ்க்க வேண்டாம். காற்று பலமாக அடிக்கும் நாட்களில் அந்தக் கட்டுதான் கிளையைப் பிடித்து நிற்கும். ஜூலையில் தண்டு முற்றி மரமான பின் துணிக்கட்டுகளை ஒவ்வொன்றாக வெட்டிவிட்டால் கிளைகள் இழுத்து வைத்த திசையிலேயே நின்றுவிடும். செப்டம்பரில் செடி திரும்ப உள்ளே வரும்போது விளக்கின் அகலத்துக்கு ஏற்றபடி ஏற்கெனவே விரிந்திருக்கும்.